சென்னைக்கும் ஓசூருக்கும் நடுவில் நாம்: ராணுவத் தளவாடத் தொழில் வட ஆற்காட்டுக்கு வருமா?

வாலாஜாபேட்டை வாசகர் கேட்டது, 9 பிப்ரவரி 2025

ராணுவத் தளவாடத் தொழிலை வளர்க்க அறிவித்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து மையங்கள். ராணிப்பேட்டையில் பெல் (பிஎச்இஎல்) ஆலை இருக்கிறது. அரக்கோணத்தில் கடற்படை விமானதளம் இருக்கிறது. காட்பாடியில் அரசே தொடங்கிய வெடிமருந்து ஆலை. ஊருக்கு ஊர் பட்டாளத்துக்காரர்கள். இவ்வளவு இருந்தும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றில் ஒன்றுகூட ஏன் பட்டியலில் இல்லை? ஆறாவது மையம் கேட்டு எல்லோரும் சேர்ந்து மனு கொடுக்கலாமா?

9 பிப்ரவரி, இரவு

மனு கொடுப்பதற்கு முன்னால் எதைக் கேட்கிறோம் என்று தெளிவாக இருக்கவேண்டும். நான் ராணுவத்தில் இஎம்இ பிரிவில் வண்டி பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் பார்க்கிறேன். பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறவன் பக்கமும் இருந்திருக்கிறேன், செய்து கொடுக்கிறவன் பக்கமும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வரைபடத்தில் நம் ஊர் மேல் ஒரு வட்டம் போட்டுவிட்டால் மட்டும் சிப்காட்டில் ஒரு லேத்துகூடக் கூடுதலாக ஓடாது. நமக்கு இல்லாதவை மூன்று. பக்கத்திலேயே ஒரு பரிசோதனைக் கூடம். பணம் வரும்வரை தாக்குப்பிடிக்க முதல். காகித வேலை தெரிந்த ஆள். நிலம் இந்தப் பட்டியலில் கடைசியில்தான் வரும்.

10 பிப்ரவரி

வழித்தடம் எப்போது வந்தது என்று ஒருவர் தேதி எல்லாம் கேட்டிருந்தார். 2018 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில்தான் நாட்டுக்கு இரண்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடங்கள் என்று அறிவித்தார்கள். ஒன்று உத்தரப்பிரதேசம், இன்னொன்று நாம். நம் வழித்தடத்தை அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கிவைத்தார். நடத்துகிற பொறுப்பு மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவுக்கு. அப்புறம் 2022-ல் மாநில அரசு வான்வெளி மற்றும் பாதுகாப்புத் தொழில் கொள்கை வெளியிட்டது. 10 ஆண்டில் 75,000 கோடி ரூபாய் முதலீடு, ஒரு லட்சம் பேருக்கு வேலை என்பது அதன் இலக்கு. இதில் சிறு தொழிலுக்கு எவ்வளவு வந்து சேரும் என்பதுதான் என் கவலை.

13 பிப்ரவரி

"காகித வேலை என்றால் என்ன, டெண்டர் ஃபாரம்தானே" என்று கேட்ட தம்பிக்கு.

இல்லை தம்பி. ஒரு சின்ன விஷயத்தைச் சொல்கிறேன். 12 மி.மீ. தகடு ஒன்று யார்டுக்கு வருகிறது. அதன் ஓரத்தில் ஹீட் நம்பர் பஞ்ச் அடித்திருக்கும். எந்த உலையில், எந்த வார்ப்பில் உருகிய இரும்பு என்பதற்கான எண் அது. கூடவே மில் கொடுத்த டெஸ்ட் சர்டிபிகேட் வரும். கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு, எத்தனை இழுவிசை தாங்கும் என்று எல்லாம் அதில் இருக்கும். தகட்டை வெட்டுவதற்கு முன்பே, வெட்டப்போகிற ஒவ்வொரு துண்டிலும் மீதித் தகட்டிலும் அதே எண்ணைப் பஞ்ச் அடித்து, இன்ஸ்பெக்டர் தன் முத்திரையை வைக்கவேண்டும். அதற்கு அப்புறம்தான் கேஸ் கட்டிங். வெட்டுகிற பையன் ஷிப்டு முடிகிற அவசரத்தில் எண் இருக்கும் ஓரத்தை முதலில் வெட்டி ஸ்கிராப்பில் போட்டுவிட்டான் என்று வையுங்கள். தகட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது எந்த ஹீட் என்று நிரூபிக்க வழியில்லை. அந்தத் துண்டு ராணுவ வேலைக்கு ஆகாது, ரயில்வே வேலைக்கும் ஆகாது. கேட் செய்கிறவருக்குக் கொடுக்கலாம்.

பெல் நிறுவனத்துக்கு ஜாப் ஒர்க் செய்து பழகிய கம்பெனிகளில் இந்த ஒழுங்கு ரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது. ராணிப்பேட்டை பெல் 1980களின் தொடக்கத்தில் வந்தது. அனல் மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் ஈஎஸ்பி, பெரிய விசிறிகள், ஏர் ப்ரீஹீட்டர் எல்லாம் அங்கேதான் செய்கிறார்கள். அதைச் சுற்றி வளர்ந்த துணைத் தொழில்களில் இரண்டு தலைமுறை வெல்டர்கள் இருக்கிறார்கள். அனல் மின் நிலைய ஆர்டர் சுருங்கியபோது அதில் பலர் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள், சிலர் ஆட்டோ ஓட்டுகிறார்கள். தகுதிச் சான்று வாங்கிய ஒரு வெல்டரை உருவாக்க வருஷக்கணக்கில் ஆகும். அந்தக் கையை ஸ்டியரிங் பிடிக்க விட்டுவிட்டு, "திறன்மிகு பணியாளர் பற்றாக்குறை" என்று மாநாட்டில் பேசுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

14 பிப்ரவரி

"அறிவிப்போடு சரி, தமிழ்நாட்டில் இதுவரை ஒன்றும் நடக்கவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய்க்கு ஆர்டர் வந்தது. 2024 ஜூலை 2 அன்று மூன்று பரிசோதனை மையங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள்: ட்ரோன், மின்னணுப் போர்முறை, ஒளியியல் கருவிகள். முன்னின்று நடத்துகிறவர்கள் முறையே கெல்ட்ரான், பாரத் எலெக்ட்ரானிக்ஸ், இந்தியா ஆப்டெல். ட்ரோன் மையம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் வருகிறது. கோவையில் சிறுதொழில் சங்கமான கொடிசியாக்காரர்கள் 2019-லேயே ராணுவத் தொழிலுக்கென்று தனி இன்குபேஷன் மையம் ஆரம்பித்துவிட்டார்கள்.

கோவையைப் பாருங்கள். பம்பும் மோட்டாரும் செய்தவர்கள் சங்கமாக ஒன்று சேர்ந்து போய்க் கேட்டார்கள். ராணிப்பேட்டையில் தோல் சங்கம் தனி, ஃபேப்ரிகேஷன் சங்கம் தனி, கெமிக்கல்காரர்கள் தனி. ஒரே மேடையில் மூவரையும் நான் பார்த்ததில்லை.

20 பிப்ரவரி

ஆம்பூர் பாய் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். அவர் சொன்னதன் சாரம்: "நாங்கள் ஐரோப்பாவுக்கு ஷூ செய்கிறோம். நம் நாட்டு ஜவான் காலுக்கு ஏன் செய்ய முடியாது?"

பாய், செய்ய முடியும். முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இயந்திரம் வேறு. ஐரோப்பிய ஷூவில் பெரும்பாலும் பசை போட்டு சோலை ஒட்டுகிறோம். ராணுவத்தின் டிவிஎஸ் (டைரக்ட் வல்கனைஸ்ட் சோல்) பூட்ஸில் ரப்பர் சோல், மேல்தோலோடு சேர்ந்தே அச்சுக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் வேகும். அதற்குத் தனி பிரஸ் வேண்டும். ஒவ்வொரு சைஸுக்கும் இடது, வலது என்று தனித்தனி அச்சு வேண்டும். அவ்வளவு முதலைப் போட்டபின் ஐரோப்பிய பிராண்ட் மாதிரி சீசனுக்கு சீசன் ஆர்டர் வராது. பெரிய டெண்டர் ஒன்று வரும், அப்புறம் எப்போது என்று தெரியாது. நடுவில் அந்த பிரஸ் சும்மா கிடக்கும். உங்கள் ஊர் முதலாளிகள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

இதற்குத்தான் பொது வசதி மையம் வேண்டும் என்கிறேன். ஆம்பூரில் ஒன்று, ராணிப்பேட்டையில் ஒன்று. பிரஸ்ஸும் அச்சும் மையத்துக்குச் சொந்தம். தோல் வெட்டுவது, மேல்பாகம் தைப்பது அவரவர் கம்பெனியில். சோல் பிடிக்கும் பலத்தை இழுத்துப் பார்க்கிற மெஷின், ஆயிரக்கணக்கான தடவை மடக்கிப் பார்க்கிற மெஷின், தண்ணீர் உள்ளே வருகிறதா என்று பார்க்கிற மெஷின் எல்லாம் அங்கேயே இருக்கட்டும்.

பூட்ஸ் என்றால் என்ன என்று போட்டவனுக்குத் தெரியும். வடகிழக்கில் மழைக்காலத்தில் காலையில் நனைந்த பூட்ஸ் அடுத்த நாள் காலையிலும் காய்ந்திருக்காது. அதையேதான் மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்கவேண்டும். முன்பக்கம் சோல் ஒரு விரல் அளவு வாய் திறந்துவிட்டால் போதும், சேறு உள்ளே போகும், பெருவிரல் புண்ணாகும், ஒரு வாரம் ஆள் வேலைக்கு ஆகமாட்டான். தைத்தவருக்கு அது ஒரு ஜோடி.

2024-ல் பீகார் ஹாஜிப்பூரில் செய்த பூட்ஸ் ரஷ்ய ராணுவத்துக்குப் போகிறது என்று எல்லாப் பேப்பரிலும் வந்தது. அங்கே தைக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். இங்கேயும் அப்படித்தான். என் மனைவி கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைத்தவர். ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லுவார். இந்தக் கைத்திறன் பூட்ஸோடு நிற்கவேண்டியதில்லை. முதுகுப்பை, ஆயுத உறை, குண்டு துளைக்காத உடுப்பின் மேலுறை, பாராசூட் வார்ப்பட்டை எல்லாமே தையல்தான். அரசுக் கொள்கையில் எங்கே பார்த்தாலும் ட்ரோன், ஏரோ இன்ஜின் என்று இருக்கிறது. தையல் மெஷினையும் ராணுவத் தொழில் என்று எண்ணிக்கொள்ளவேண்டும். காலையில் பேரணாம்பட்டிலிருந்தும் மேல்விஷாரத்திலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற பெண்களுக்கு அதுதான் நேரடியாக வேலை கொடுக்கும்.

21 பிப்ரவரி

மேலே உள்ளதைப் படித்துவிட்டு ஒரு ஆசிரியர் 1806 வேலூர் புரட்சியை நினைவுபடுத்தினார். நன்றி ஐயா. அந்த வருஷம் ஜூலை 10 கோட்டைக்குள் நடந்ததற்குப் பின்னால் இருந்த காரணங்களில் புதிய தலைப்பாகையும் ஒன்று. அதில் தோல் குஞ்சம் வைத்திருந்தார்கள். சிப்பாய்களின் மதச் சின்னங்களையும் தாடியையும் தடுத்த உத்தரவோடு அதுவும் சேர்ந்துகொண்டது. சிப்பாய் உடம்பில் எது போடுகிறான் என்பதை அவனைக் கேட்காமல் முடிவு செய்ததால் வந்தது அது.

இன்றைக்கு அந்த மாதிரிக் கொடுமை இல்லை. ஆனால் வடிவமைக்கிறவனுக்கும் போடுகிறவனுக்கும் இடையில் இடைவெளி இன்னும் இருக்கிறது. நம் மாவட்டத்தில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் இவ்வளவு பேர் இருப்பதை அந்த இடத்தில் பயன்படுத்தலாம். இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

2 மார்ச்

பணம் பற்றி.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு சிறு யூனிட்டில் (பெயர் வேண்டாம்) பொருளை அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்தே மூடினார்கள். வேலை சரியில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. ரிஜெக்ஷன் மிகக் குறைவு. இரும்பு வாங்கினது ரொக்கத்துக்கு, கூலி சனிக்கிழமை தவறாமல், கரண்ட் பில் மாதாமாதம். வாங்கிய நிறுவனம் மட்டும் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் வரவில்லை, சைட்டில் இருந்து ரசீது வரவில்லை என்று தள்ளிக்கொண்டே போனது. முதலாளி கடைசியில் மனைவி நகையை அடகு வைத்து தீபாவளி போனஸ் கொடுத்தார். பொங்கலுக்குள் ஷட்டர் இறங்கிவிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளைக்குள் பணம் கொடுக்கவேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து வருமானவரியிலும் ஒரு பிடி வைத்திருக்கிறார்கள்: குறு, சிறு நிறுவனத்துக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கிற வருஷத்தில்தான் அதைச் செலவாகக் காட்டமுடியும். கொள்முதலிலும் சலுகை இருக்கிறது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வருஷக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கவேண்டும். அதற்குள்ளேயே பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 விழுக்காடு. டெண்டருக்கு முன்பணம் கட்டுவதிலிருந்தும் விலக்கு.

ஆனால் 45 நாள் எப்போது ஆரம்பிக்கிறது? பொருளை ஏற்றுக்கொண்ட, அல்லது ஏற்றதாகச் சட்டம் கருதுகிற நாளிலிருந்து. சட்டம் அப்படி இருந்தாலும், நடைமுறையில் ஏற்பதா வேண்டாமா என்று முடிவு சொல்லாமல் இழுத்தடித்தால் சின்ன யூனிட் முதலாளி எங்கே போய் நிற்பார்? ராணுவ வேலையில் இன்ஸ்பெக்ஷன் கட்டங்கள் இன்னும் அதிகம். முதல் மாதிரியைச் செய்து காட்டி, அது தேறி, அப்புறம்தான் மொத்த உற்பத்தி. அந்த முதல் மாதிரிக்கு ஆகும் செலவு முழுக்க நம் தலையில். அது தேறாவிட்டால் போனது போனதுதான். மாநில அரசு 75,000 கோடி இலக்கு வைத்திருக்கும் திட்டத்தில் முதல் மாதிரிச் செலவில் பாதியைத் தாங்கினால் எவ்வளவு பேர் துணிந்து இறங்குவார்கள் தெரியுமா?

3 மார்ச்

"நகை அடகு" பற்றி விசாரித்தவர்களுக்கு: அவர் நன்றாக இருக்கிறார். ஸ்ரீபெரும்புதூரில் இன்னொருவர் கம்பெனியில் புரொடக்ஷன் பார்க்கிறார். லேத்துகளை விற்ற அன்றைக்கு நானும் கூட இருந்தேன். அதற்கு மேல் எழுத மனசு வரவில்லை.

8 மார்ச்

அரக்கோணம் நண்பர் கேட்டது: "ராஜாளி தளத்தால் நமக்கு என்ன லாபம்? விமானம் அமெரிக்காவில் செய்தது."

ஐஎன்எஸ் ராஜாளி 1992 மார்ச்சில் கடற்படையில் சேர்ந்தது. நான்கு கி.மீ.க்கு மேல் நீளமான ஓடுதளம். 2013-லிருந்து பி-8ஐ ரோந்து விமானங்கள் அங்கே இருக்கின்றன. விமானத்தை நாம் செய்யப்போவதில்லை, சரி. ஆனால் விமானம் தரையில் நிற்கிற நேரத்தை யோசியுங்கள். இழுத்துப் போகிற டோ பார், இன்ஜின் உயரத்துக்கு ஏறி நிற்க மேடை, டிராலி, ஏணி, ஜாக், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, கருவிகள் வைக்கிற பெட்டி, கன்டெய்னர் போன்ற நடமாடும் ஒர்க்‌ஷாப். இவை எல்லாம் தகடு வளைத்து, பைப் வெட்டி, வெல்டிங் போடுகிற வேலை. ராணிப்பேட்டையிலிருந்து அரக்கோணம் ஒரு மணி நேரத் தூரம்.

இதில் இன்னொரு வசதி. பழுதானால் உயிர் போகிற பாகங்கள் என்ற வரிசையில் இவை கடைசியில்தான் வரும். பழகாதவர்கள் முதல் படியாக ஏற இதுதான் ஏற்ற இடம். நேராகப் போய் ஏவுகணைப் பாகம் செய்கிறேன் என்று நிற்பதைவிட இது புத்திசாலித்தனம்.

படையில் பொருந்துதல் என்பதற்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. மலை ரோட்டில் ஸ்டாலியன் என்கிற ராணுவ லாரி ஒன்று நிற்கிறது, பின்னால் கான்வாய் முழுக்க நிற்கிறது. சக்கரம் பூட்டுகிற புது வீல் ஸ்டட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையால் திருகினால் நேராக ஏறவேண்டும். ஒரு தடவை வந்த லாட்டில் மரை கொஞ்சம் தடித்துப்போய் இருந்தது. குளிரில் விரல் மரத்துப்போக, அரத்தால் ராவி ராவி ஒவ்வொன்றாக ஏற்றினோம். எந்த ஊரில் யார் செய்தது என்று எங்களுக்குத் தெரியாது. ஒருவேளை செய்தவருக்கு ஒரு மரை கேஜ் வாங்கப் பணம் இல்லாமல் இருந்திருக்கலாம், இருந்த கேஜ் தேய்ந்துபோயிருக்கலாம். இன்றைக்கு எங்கள் கம்பெனியில் கேஜ் எல்லாவற்றுக்கும் கேலிபரேஷன் (அளவு சரிபார்த்த) தேதி ஒட்டியிருக்கிறதா என்று நான் முறைத்துக்கொண்டு திரிவதற்கு அந்த ராத்திரிதான் காரணம்.

15 மார்ச்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

நம் பக்கத்து மெஷின் ஷாப்புகளில் கடைசலும் துளையும் நன்றாக வரும். அதற்கு அப்புறம் ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங் (உலோகப் பூச்சு) வேலைக்குப் பாகங்களைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்புகிறோம். போக்குவரத்து, காத்திருப்பு, அங்கே சேர்கிற கீறல் என்று லாபம் அதிலேயே போய்விடுகிறது. எனவே ராணிப்பேட்டையிலேயே ஒரு பிளேட்டிங் மையம் வேண்டும் என்று நான் பல வருஷமாகச் சொல்லிவந்தேன்.

ஆனால் ராணுவ, விமானப் பாகங்களுக்குப் போடுகிற பூச்சுகளில் குரோமியமும் காட்மியமும் உண்டு. குரோமியம் என்ற பெயரை ராணிப்பேட்டையில் சாதாரணமாகச் சொல்லமுடியுமா? 1990களில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு லட்சக்கணக்கான டன், மலை மாதிரி கிடக்கிறது. மழை பெய்தால் மஞ்சளாக வழிகிற தண்ணீரைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் மாசு செய்தவரே ஈடுகட்டவேண்டும் என்று சொன்ன தீர்ப்பு நம் வேலூர்க் குடிமக்கள் போட்ட வழக்கில்தான். 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் பேசவேண்டியிருந்தது. 2015 ஜனவரி கடைசியில் சிப்காட்டில் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்துபோனதை நான் மறக்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போன பாதையில்தான் அந்தச் சேறு கிடந்தது.

அதனால் இப்போது என் நிலைப்பாடு இப்படி: பிளேட்டிங் வரவேண்டுமானால் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு முதலில் கட்டி, ஓட்டிக் காட்டி, அதன் அளவீடுகளைப் பக்கத்து ஊராட்சி மக்கள் தினமும் பார்க்கும்படி வைத்து, அப்புறம்தான் முதல் தொட்டிக்கு அனுமதி. இந்த வரிசை மாறக்கூடாது. "நாட்டுப் பாதுகாப்பு" என்ற பெயரில் மக்கள் கருத்துக் கேட்பைச் சுருக்கிவிடக் கூடாது. பழைய குரோமியக் குவியலை அப்புறப்படுத்தாமல் புதிய குரோமியத்துக்கு இடம் கேட்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வேலை இல்லாத வெல்டரும் நம் ஆள்தான், கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன விவசாயியும் நம் ஆள்தான்.

16 மார்ச்

காட்பாடி வெடிமருந்து ஆலை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 1983-ல் மாநில அரசு தொடங்கியது. சுரங்கம், கல்குவாரி, கிணறு வெட்டுகிற வேலைக்கான வெடிமருந்தும் டெட்டனேட்டரும் செய்தார்கள். பீரங்கிக் குண்டுக்கும் அதற்கும் தூரம் அதிகம். ஆனால் வெடிபொருளை எப்படித் தொடுவது, எப்படி அடுக்குவது, கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது என்று தெரிந்த ஆட்கள் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார்கள். அங்கே வேலை பார்த்த அனுபவசாலிகளை வைத்து ஒரு பாதுகாப்புப் பயிற்சி மையம் நடத்தலாம். குடியாத்தத்தில் தீப்பெட்டித் தொழிலில் இருப்பவர்களுக்கும் அது பயன்படும்.

30 மார்ச்

ஓய்வுபெற்ற ராணுவத்தினர் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

கம்மவான்பேட்டைக்குப் போனால் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருக்கிறார், அல்லது இருந்து வந்தவர். வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து போனவர்கள் 277 பேர், உயிர் விட்டவர்கள் 14 பேர் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. காய்கறி வாங்குகிற கூட்டத்தில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அடுத்த தடவை போகும்போது பாருங்கள்.

இவ்வளவு பேரும் ஓய்வுபெற்றதும் என்ன செய்கிறார்கள்? ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டி, அபார்ட்மென்ட் கேட், காலேஜ் கேட். அந்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதில் ரேடார் பழுதுபார்த்தவர் இருக்கிறார், டாங்கி டிரான்ஸ்மிஷன் பிரித்துப் பூட்டியவர் இருக்கிறார், ஸ்டோரில் ஆயிரக்கணக்கான பாகங்களின் எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தவர் இருக்கிறார். எந்தப் பாகம் அடிக்கடி உடையும், எங்கே உடையும், ஏன் உடையும் என்பது இவர்களுக்குத்தான் தெரியும். ஒரு சிறு கம்பெனி ராணுவ வேலைக்குள் போக நினைத்தால் முதலில் வேண்டியது இந்த அறிவு.

விஐடி போன்ற பெரிய கல்லூரி காட்பாடியில் இருக்கிறது. பாகாயத்தில் தந்தை பெரியார் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. வருஷா வருஷம் மாணவர்கள் ப்ராஜெக்ட் செய்கிறார்கள். ஒரு ஹவில்தாரையும் ஒரு மாணவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, உடைந்த ஒரு பாகத்தை நடுவில் வைத்து, இதைச் சரிசெய்யுங்கள் என்று சொன்னால் ப்ராஜெக்டுக்கும் பலன் கிடைக்கும், கம்பெனிக்கும் பலன் கிடைக்கும். இதற்கு மாநிலக் கொள்கையில் தனிப் பிரிவு வேண்டும். ஓய்வுபெற்ற தொழில்நுட்பப் படைவீரரை ஆலோசகராகச் சேர்க்கும் சிறு நிறுவனத்துக்கு அவர் சம்பளத்தில் ஒரு பங்கை இரண்டு வருஷம் அரசு கொடுக்கட்டும். பெரிய தொகையே ஆகாது.

6 ஏப்ரல்

முதல் கேள்விக்கே திரும்ப வருகிறேன். வாலாஜா நண்பர் விடாமல் கேட்கிறார், ஆறாவது மையம் கேட்கலாமா வேண்டாமா என்று.

வட்டத்தால் பயன் இல்லை என்று அன்றைக்கு அழுத்திச் சொன்னேன். இந்த இரண்டு மாதத்தில் நீங்கள் எழுதியதையெல்லாம் படித்தபின் அதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். மத்திய அரசின் பரிசோதனைக் கட்டமைப்புத் திட்டம் ஒன்று 2020 மே மாதம் 400 கோடி ரூபாயில் வந்தது. செலவில் 75 விழுக்காடு வரை மானியம், மீதியைத் தொழில் நிறுவனங்களும் மாநிலமும் சேர்ந்து போடவேண்டும். வழித்தடத்துக்குள் மட்டும்தான் என்று கட்டுப்பாடு கிடையாது, ஆனால் வழித்தடத்துக்கு முன்னுரிமை. ஆக, பட்டியலில் பெயர் இருந்தால் வரிசையில் முன்னால் நிற்கலாம். அது உண்மையான பயன்.

இருந்தாலும் மனுவில் முதல் வரியாக அதை வைக்கவேண்டாம். சென்னை ஒரு மையம், ஓசூர் ஒரு மையம். இரண்டையும் இணைக்கிற தேசிய நெடுஞ்சாலை ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகத்தான் போகிறது. வழித்தடம் என்று பெயர் வைத்தபின் வழியில் இருக்கிற ஊரை விட்டுவிட்டு இரண்டு முனையை மட்டும் எண்ணுவது எப்படிச் சரி? சென்னை மையத்தின் கிளையாக ராணிப்பேட்டையில் பரிசோதனைக் கூடம், ஆம்பூரில் பூட்ஸ், தையல் பொது வசதி மையம் என்று கேட்டால் டிட்கோ புதிதாக எதையும் அறிவிக்கத் தேவையில்லை. இருக்கிற திட்டத்துக்குள்ளேயே செய்யலாம். அதிகாரிக்கும் கையெழுத்துப் போடுவது எளிது.

பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் 9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்த ஆலைக்கு வருகிற உதிரிபாகத் தொழில்களுக்கும் அளவெடுக்கிற கூடம் வேண்டும். எனவே ராணுவத்துக்கென்று கட்டுகிற கூடம் சும்மா கிடக்கும் என்ற பயமும் இல்லை. இதை மனுவில் கட்டாயம் சேர்க்கவேண்டும். நான் ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன். தோல் சங்கத்தில் தெரிந்தவர்கள், ஃபேப்ரிகேஷன் சங்கத்தில் தெரிந்தவர்கள் தயவுசெய்து தொடர்புகொள்ளுங்கள். எல்லாருடைய கையெழுத்தும் ஒரே தாளில் இருக்கவேண்டும்.

12 ஏப்ரல்

சோளிங்கரிலிருந்து ஐடிஐ முடித்து இரண்டு லேத் வைத்திருக்கும் தம்பி கேட்டது: "மனு, மையம் எல்லாம் வரும்போது வரட்டும் அண்ணா. நான் திங்கட்கிழமை என்ன செய்யட்டும்?"

நல்ல கேள்வி. முதலில் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இருக்கிறதா பார். இல்லையென்றால் ஆன்லைனில் இலவசமாகவே செய்யலாம், புரோக்கருக்குப் பணம் கொடுக்காதே. அடுத்து அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்தில் விற்பனையாளராகப் பதிவு செய். அப்புறம் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஸ்ருஜன் தளத்தைத் திற. இதுவரை வெளிநாட்டிலிருந்து வாங்கிய, இனி இங்கேயே செய்ய ஆள் தேடுகிற பாகங்களை ஆயிரக்கணக்கில் அதில் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் பார்த்துத் தலைசுற்றாதே. புஷ், பின், வாஷர், ஸ்பேசர் என்று உன் லேத்தில் வருகிற அளவில் இருப்பதை மட்டும் பிரித்து எடு. அதில் பூச்சு தேவைப்படாத ஒன்றைத் தேர்ந்தெடு, பிளேட்டிங் தொல்லை இல்லாமல் இருக்கும்.

அதற்கு ஆகும் இரும்பை டெஸ்ட் சர்டிபிகேட்டோடு கொடுக்கிற கடையில் மட்டும் வாங்கு. கிலோவுக்கு கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை. மைக்ரோமீட்டரைக் கேலிபரேஷனுக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கிக்கொள். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, எந்தத் தேதியில் எந்த ஹீட் நம்பரில் எத்தனை பாகம் கடைந்தாய், எத்தனை தள்ளுபடி, ஏன் என்று எழுதிவா. ஆர்டர் இல்லாவிட்டாலும், இப்போது செய்கிற வேலைக்கே எழுது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன். அந்த நோட்டையும் நீ தேர்ந்தெடுத்த பாகத்தின் டிராயிங்கையும் எடுத்துக்கொண்டு வா, உட்கார்ந்து பார்ப்போம்.